முதல் தடவை பைகானுக்குப் போறியா, கண்ணு?

சத்தி ரோட்டில் காலேஜ் பஸ்ஸும் கம்பெனி பஸ்ஸும் ஒரே சிக்னலில் நிற்கிற ஊர் நம்ம கோயமுத்தூர் சரவணம்பட்டி. கேஜிஐஎஸ்எல் வளாகத்திலும் கீரணத்தம் பக்கத்து ஐ.டி. கட்டடங்களிலும் ஆயிரக்கணக்கானவர்கள் புரோகிராம் எழுதிச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் இங்கே படிக்கிற பிள்ளைகளில் பலர் அந்த வேலையில் இருக்கும் ஒருவரோடு உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசுவது கேம்பஸ் இன்டர்வியூ அன்றைக்குத்தான். அன்றைக்குப் பேச்சு எங்கே வரும்? கை நடுங்கும், பதில் மட்டும்தான் வரும். புரோகிராமிங் கான்ஃபரன்ஸ் ஒன்றுக்காவது படிக்கும்போதே போய் வா என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். உன் மார்க்கைக் கேட்காத மனிதர்களோடு இரண்டு மூன்று நாள் தொழில் பேச அங்கேதான் இடம் கிடைக்கும்.

எதற்குப் போவது என்றால், முதல் தடவைக்கு நான் கை காட்டுவது பைகான் இந்தியா. பைத்தான் மொழிக்காரர்கள் நாடு முழுவதிலிருந்தும் வந்து சேரும் கூட்டம். 2009 செப்டம்பரில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கியது. புனே, டெல்லி, ஹைதராபாத் என்று ஊர் ஊராகப் போய், 2019 அக்டோபரில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தது. கொரோனா வருஷங்களில் ஆன்லைனில் நடந்து, 2023-ல் ஹைதராபாத்தில் மறுபடி நேரில் கூடியது. 2024-லும் 2025-லும் பெங்களூர் நிம்ஹான்ஸ் கன்வென்ஷன் சென்டரில், செப்டம்பர் மாதத்தில் நடந்தது. நமக்கு ஒரு ராத்திரிப் பயணம். வேலைக்குப் போகிறவர்களும் மாணவர்களும் சம்பளம் எதிர்பார்க்காமல் கூடி நடத்துகிற நிகழ்ச்சி இது. புதுசாக வருகிற பிள்ளைக்கு அங்கே கிடைக்கிற மரியாதைக்கு அதுவே பாதிக் காரணம் என்பது என் எண்ணம்.

இதில் நம்ம பக்கத்து மனிதர் ஒருவருடைய உழைப்பும் இருக்கிறது. கென்னத் கொன்சால்வஸ் ஊட்டியில் இருந்தபடி பைத்தானையும் கட்டற்ற மென்பொருளையும் பரப்பியவர். இந்தியாவில் பைத்தான் ஆர்வலர்களை ஒரு அமைப்பாகச் சேர்த்தவர்களில் ஒருவர். 2012-ல் காலமானார். அந்த வருஷத்திலிருந்து அவர் பெயரில் ஒரு விருது பைகான் இந்தியாவில் கொடுக்கப்படுகிறது. மேட்டுப்பாளையம் தாண்டி மலைமேல் உட்கார்ந்து ஒருவர் செய்த வேலைக்குப் பெரிய ஹாலில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுவார்கள். ‘இதெல்லாம் பெங்களூர்க்காரங்க சமாச்சாரம், நமக்கென்ன’ என்று தயங்குகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இவர் பெயரைத்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் வீடு. ‘பெங்களூருக்குப் போறேன்’ என்று மொட்டையாகச் சொன்னால் எந்த அம்மாவுக்கும் பக்கென்றுதான் இருக்கும், அதிலும் பொண்ணு தனியாகப் போகிறாள் என்றால். நிகழ்ச்சி நிரலை போனில் திறந்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காட்டு. எந்த இடம், காலை எத்தனை மணிக்குத் தொடங்கும், சாயங்காலம் எப்போது முடியும், ராத்திரி எங்கே தங்குவாய், கூட யார் யார் என்று எல்லாவற்றையும் ஒரே பேப்பரில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிடு. கூட வருகிற தோழிகளின் அம்மாக்களையும் உன் அம்மாவையும் போனில் பேச வைத்துவிடு. பாதிக் கவலை அங்கேயே கரைந்துவிடும். மூன்று பேராகச் சேர்ந்து போவது நல்லது. பத்துப் பேராகப் போகாதே. பத்துப் பேர் போனால் அந்தப் பத்துப் பேருக்குள்ளேயேதான் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது காலேஜ். முக்கியமான உரைகள் சனி, ஞாயிறு அன்று வருகிற மாதிரிதான் பெரும்பாலும் வைக்கிறார்கள். 2024-ல் வெள்ளிக்கிழமை பயிற்சி வகுப்பு, சனி ஞாயிறு உரைகள், திங்கட்கிழமை ஸ்பிரின்ட் (கூடி உட்கார்ந்து நிரல் எழுதும் நாள்) என்று நான்கு நாள். வெள்ளிக்கும் திங்களுக்கும் ஓ.டி., அதாவது ஆன் டியூட்டி அனுமதி, வேண்டும். ஹெச்.ஓ.டி.யிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதே. டிக்கெட் நகல், நிகழ்ச்சி நிரல், ‘திரும்பி வந்ததும் ஜூனியர்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கிறேன்’ என்று ஒரு வரி, இந்த மூன்றையும் லெட்டரோடு இணை. கடைசி வரிதான் கையெழுத்தை வாங்கித் தரும். இன்டர்னல் தேர்வுத் தேதியையும் முன்கூட்டியே பார்த்துவிடு. அட்டென்டன்ஸ் ஏற்கெனவே 75 சதவீதத்தை ஒட்டி ஊசலாடுகிறது என்றால் சனி ஞாயிறு மட்டும் போய் வந்தாலே போதும்.

பணம் ஒரு பெரிய விஷயம், அதை மழுப்ப மாட்டேன். மாணவர்களுக்குக் குறைந்த விலை டிக்கெட் உண்டு, காலேஜ் ஐ.டி. கார்டை வாசலில் கேட்பார்கள். அதுவும் முடியாதவர்களுக்கு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தில் வீட்டு நிலையை உள்ளபடி எழுது. கூச்சப்பட ஒன்றுமில்லை, வரவேண்டியவர்கள் வரட்டும் என்றுதான் அந்தப் பணத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எதற்காக வர விரும்புகிறாய், இதுவரை என்ன செய்து பார்த்திருக்கிறாய் என்று தெளிவாக நாலு வரி எழுதினால் போதும். வாலன்டியராகவும் சேரலாம். பதிவு மேசையில் உட்காருவது, பேச வருகிறவரை மேடைக்குக் கூட்டிப்போவது, மைக் எடுத்துக்கொண்டு ஓடுவது மாதிரி வேலைகள் இருக்கும். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கையில் ஒரு வேலை இருக்கும்போது, முன்பின் தெரியாதவரிடம் பேச ஒரு காரணமும் தானாகக் கிடைத்துவிடுகிறது.

பெங்களூர் இப்போதைக்கு முடியாது என்றாலும் சோர்ந்து போகாதே. சென்னையில் சென்னைபை என்ற பைத்தான் குழு மாதாமாதம் கூடுகிறது. ஐ.எல்.யூ.ஜி.சி. என்கிற லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்குகிறது. சனிக்கிழமைக் கூட்டங்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. சேரன் எக்ஸ்பிரஸிலோ நீலகிரி எக்ஸ்பிரஸிலோ ராத்திரி ஏறினால் காலையில் சென்னை சென்ட்ரல்.

பெங்களூர் போவதென்றால் பயணத்தில் கவனிக்க வேண்டியது இது. உதய் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் கோவையில் கிளம்பி மதியத்துக்குத்தான் அங்கே சேரும். காலை நிகழ்ச்சிக்கு உதவாது. முந்தின நாளே போவதாக இருந்தால் அதில் போ, வசதியாக இருக்கும். ராத்திரி பஸ் என்றால் காந்திபுரத்தில் ஏறு. சேலம், ஓசூர் வழியாகப் போகிற பஸ்கள் எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, மடிவாளா என்று வரிசையாக நிற்கும். நிம்ஹான்ஸ் அதே ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது. அதனால் மெஜஸ்டிக் வரைக்கும் போய்த் திரும்பாதே, மடிவாளாவில் இறங்கி ஆட்டோ பிடி. விடிவதற்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டால் வெளிச்சம் வரும் வரை ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் உட்கார்ந்திரு. இறங்கியதும் வீட்டுக்கு ஒரு போன்.

பையில் என்ன வேண்டும்? லேப்டாப், சார்ஜர், ஆதார், காலேஜ் ஐ.டி., ஒரு நோட்டு, இரண்டு பேனா. கூடவே ஸ்வெட்டர். செப்டம்பரில் அங்கே மழை இருக்கும், ஹாலுக்குள் ஏ.சி. வேறு. இதோடு கட்டாயம் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப் போ. மதியத்துக்கு மேல் எல்லோருடைய லேப்டாப்பும் அழ ஆரம்பிக்கும், சுவரில் இருக்கிற பிளக்கோ நாலுதான். உன்னிடம் பாக்ஸ் இருந்தால் உன்னைச் சுற்றி ஆறு பேர் உட்காருவார்கள். பேச்சைத் தொடங்குவது எப்படி என்ற கவலையே இராது.

வைஃபையை நம்பாதே. ஆயிரம் பேர் ஒரே கூரையின் கீழ் இணைந்தால் எந்த நெட்டும் திணறும். பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டியிருந்தால், என்னென்ன நிறுவ வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுவார்கள். அதை ஹாஸ்டலிலேயே இறக்கி, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பு. பைத்தான், கிட், உனக்குப் பழகின எடிட்டர் ஆகிய மூன்றும் சரியாக இருக்கட்டும். உடுப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சுடிதாரோ டீ ஷர்ட்டோ, நாள் முழுக்க நடக்க வசதியான செருப்போடு போ. இன்டர்வியூவுக்குப் போகிற மாதிரி ஷர்ட்டை இன் பண்ணிக்கொண்டு வந்த தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன். தப்பில்லை, ஆனால் அவசியமே இல்லை.

இப்போது அங்கே போன பிறகு. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஹாலில் உரை நடக்கும். நிகழ்ச்சி நிரலைப் பார்த்ததும் எல்லாவற்றையும் பிடித்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். வேண்டாம். உரைகளைப் பதிவு செய்து பிறகு யூடியூபில் போட்டுவிடுகிறார்கள். சரவணம்பட்டியில் உன் ரூமில் உட்கார்ந்து, புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு மூன்று, அதிகம் போனால் நான்கு உரையைத் தேர்ந்தெடு. ஒன்று உனக்குத் தெரிந்த விஷயம், ஒன்று கொஞ்சம் எட்டாத விஷயம், ஒன்று துளியும் தெரியாதது. மீதி நேரத்தை வராந்தாவில் செலவு செய். அனுபவசாலிகள் இதற்கு ‘ஹால்வே டிராக்’ என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். உரை முடிந்து வெளியே வருகிறவரைச் சுற்றி நாலு பேர் நின்று சந்தேகம் கேட்பார்களே, அங்கே நீயும் போய் நில். மேடையில் சொல்லாத விஷயம் அங்கேதான் வரும்: எது வேலை செய்யவில்லை, எதை ஆறு மாதம் கழித்துத் தூக்கிப் போட்டார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் எப்படி விழுந்தது என்று. பாடப் புத்தகத்தில் இதற்கெல்லாம் யூனிட் கிடையாது.

வட்டமாக நிற்கிறவர்களுக்கு நடுவே எப்படிப் போவது என்று கேட்பாய். எரிக் ஹோல்ஷர் என்பவர் ‘பேக்மேன் விதி’ என்று ஒன்று சொல்லிவைத்தார். கூடி நின்று பேசும்போது வட்டத்தை முழுசாக மூடாமல், வாய் திறந்த பேக்மேன் மாதிரி ஒரு ஆள் நிற்க இடம் விட்டு நிற்க வேண்டும், புதுசாக ஒருவர் சேர்ந்துகொள்ளலாம் என்பதற்காக. பல கான்ஃபரன்ஸ்களில் மேடையிலேயே இதை அறிவிப்பார்கள். அந்த இடைவெளி உனக்காக விட்டது, தைரியமாகப் போய் நில். இரண்டு நிமிஷம் கழித்து உன் பக்கத்தில் இன்னொரு இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

என்ன பேசுவது? ‘உங்க கம்பெனில ஓப்பனிங் இருக்குங்களா?’ என்று எடுத்த எடுப்பில் கேட்காதே. ‘நீங்க இப்ப எதுல வேலை பண்ணிட்டிருக்கீங்க? அதுல கஷ்டமானது எதுங்க?’ என்று கேள். இந்த இரண்டாவது கேள்விக்கு யாரும் சுருக்கமாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் திருப்பி உன்னைக் கேட்கும்போது சொல்வதற்கு நீ செய்த சின்ன வேலை ஒன்று கையில் இருக்கட்டும். காலேஜ் பஸ் எங்கே வருகிறது என்று சொல்லும் நிரல், ஹாஸ்டல் மெஸ் கணக்கைப் பிரிக்கும் நிரல், எதுவாக இருந்தாலும் சரி. நீயே யோசித்து நீயே எழுதினது, அது முக்கியம். கிளம்புவதற்கு முன்னால் சத்தி ரோட்டு பேக்கரியில் டீ குடிக்கும்போது தோழியிடம் அதை ஒரு நிமிஷத்தில் சொல்லிப் பழகு. அவளுக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும்.

இங்கிலீஷ் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் நல்ல சந்தேகங்களை எல்லாம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்பி வருவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அங்கே வருகிறவர்கள் கன்னடம், இந்தி, தெலுங்கு, மலையாளம் பேசுகிறவர்கள். அவர்களுக்கும் இங்கிலீஷ் கற்றுக்கொண்ட மொழிதான். யாரும் உன் இலக்கணத்தைத் திருத்த அங்கே வரவில்லை. உரை முடிந்து கேள்வி நேரத்தில் எழுந்து நிற்கப் போகிறாய் என்றால் கேள்வியை முதலில் நோட்டில் இரண்டு வரியாக எழுதிக்கொள், பார்த்தே படி. அப்படியும் வரவில்லை என்றால் உரை முடிந்ததும் அவரிடம் நேரில் போ. பெங்களூரில் தமிழ் தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை. பத்தில் ஒருவராவது ‘அட, கோயமுத்தூரா!’ என்று தமிழிலேயே ஆரம்பித்துவிடுவார்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. நடத்தை விதிமுறை என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருப்பார்கள். டிக்கெட் வாங்கும்போதே அதைப் படி. யாராவது எல்லை மீறிப் பேசினாலோ, கேட்காமல் போட்டோ எடுத்தாலோ, பொறுத்துக்கொண்டு போகாதே. யாரிடம் சொல்ல வேண்டும் என்று பெயரும் போன் நம்பரும் அந்தப் பக்கத்தில் இருக்கும். அந்த நம்பரை முதல் நாள் காலையிலேயே போனில் சேமித்துவிடு. 2011-ல் அமெரிக்காவில் தொடங்கின பைலேடீஸ் மாதிரி பெண்களுக்கான குழுக்களைச் சேர்ந்தவர்களும் வருவார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து அறிமுகம் செய்துகொள். ஒரு ஹாலில் முந்நூறு பேரில் முப்பது பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது, அந்த முப்பதில் ஒருத்தியைத் தெரிந்திருப்பது பெரிய பலம்.

ஸ்பான்சர் கம்பெனிகளின் ஸ்டால்களுக்கும் போ. டீ ஷர்ட்டுக்காக அரை மணி நேரம் வரிசையில் நிற்க மட்டும் வேண்டாம். ஸ்டாலில் இன்ஜினீயர் யார் என்று விசாரித்து அவரிடம் பேசு. ரெஸ்யூமே பி.டி.எஃப். போனில் இருக்கட்டும், கேட்டால் கொடு.

இனி நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான விஷயம்: லைட்னிங் டாக். ஐந்து நிமிஷப் பேச்சு. பெரிய உரைக்குப் பல மாதம் முன்பே முன்மொழிவு அனுப்பி, தேர்வாகி வர வேண்டும். இதற்கு அதெல்லாம் வேண்டாம்; அங்கேயே பெயர் கொடுத்துவிட்டு மேடை ஏறலாம். ஐந்து நிமிஷம் ஆனதும் கை தட்டி இறக்கிவிடுவார்கள், அதனால் சொதப்பினாலும் சீக்கிரம் முடிந்துவிடும். நீ பெயர் கொடு. முதல் தடவையே கொடு.

விஷயம் எங்கே இருக்கிறது என்று கேட்காதே, உன் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. பைத்தானில் ‘சரவணம்பட்டி’ என்று தமிழில் எழுதி அதன் நீளத்தைக் கேட்டுப் பார். லென் என்ற கட்டளை 11 என்று சொல்லும். நம் கண்ணுக்கு ச, ர, வ, ண, ம், ப, ட், டி என்று எட்டு எழுத்துதான். ஏன் இப்படி? யூனிகோடில் ‘ம்’ என்பது மகரமும் புள்ளியும் தனித்தனியாகச் சேர்ந்தது. ‘டி’ என்பது டகரமும் இகரக் குறியும். அப்படி வருகிற மூன்று ஒட்டுகளையும் கணினி தனித்தனியாக எண்ணிவிடுகிறது. சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால் இன்னும் மோசம். குறியும் புள்ளியும் தப்பான எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஓபன்-தமிழ் என்று தமிழுக்காகவே எழுதப்பட்ட பைத்தான் தொகுப்பு இருக்கிறது. அதில் எழுத்துகளைப் பிரித்துக் கேட்டால் எட்டு என்று சரியாகச் சொல்லும். பிரச்சினை, காரணம், தீர்வு என்று ஐந்து நிமிஷத்துக்கு அளந்து வைத்த மாதிரி இருக்கிறது பார். ஹாலில் இருக்கிற இந்திக்காரர், மலையாளி, வங்காளி எல்லோருக்கும் இதே தலைவலி அவரவர் மொழியில் உண்டு. நீ இறங்கி வந்ததும் அவர்களே உன்னைத் தேடி வருவார்கள். நம்ம கோயமுத்தூருக்கு இது புதுசும் இல்லை. 2010 ஜூனில் கொடிசியாவில் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழ் இணைய மாநாடும் கூடவே நடந்தது. தமிழைக் கணினியில் ஏற்றப் பாடுபட்டவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் நம்ம ஊருக்கு வந்து இதையெல்லாம் பேசிவிட்டுப் போனார்கள்.

ஸ்லைடு ஐந்தாறு போதும். வெள்ளையில் கறுப்பு எழுத்து, கடைசி வரிசைக்குத் தெரிகிற அளவில். தமிழ் எழுத்து வேறு லேப்டாப்பில் உடைந்து புள்ளி வட்டமாகத் தெரியும், அதனால் பி.டி.எஃப். ஆக்கிப் பென்டிரைவிலும் வைத்துக்கொள். உன் லேப்டாப்பில் டைப்-சி மட்டும்தான் என்றால் ஹெச்.டி.எம்.ஐ. அடாப்டரும் வேண்டும். மேடையில் நிரலை நேரடியாக ஓட்டிக் காட்டாதே, ஓட்டின படத்தைக் காட்டு.

ஸ்பிரின்ட் நாளுக்குப் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள், ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். முடிந்தால் நீ இரு. கட்டற்ற மென்பொருள்களை உண்மையிலேயே பராமரிக்கிறவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து, ‘வா, இதைச் சரிபண்ணலாம்’ என்று கூப்பிடுகிற நாள் அது. முதல் மாற்றம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆவணத்தில் ஒரு பிழை, ஓட்டாமல் விட்ட ஒரு டெஸ்ட், அது போதும். என்னென்ன திட்டங்கள் வருகின்றன என்ற பட்டியல் முன்பே வெளியாகும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை ஊரிலேயே இறக்கி ஓட வைத்துக்கொண்டு போ. அங்கே போய் நிறுவ ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு வரை அதிலேயே போய்விடும். உன் மாற்றம் ஒரு மணி நேரத்தில் ஏற்கப்படலாம், மூன்று தடவை திருப்பி அனுப்பவும் படலாம். திருப்பி அனுப்பும்போது அவர்கள் எழுதுகிற குறிப்பை ஒரு வரி விடாமல் படி. நாலு வருஷப் படிப்பில் உன் நிரலை இத்தனை கவனமாக இன்னொருவர் வாசித்திருக்க மாட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் தூங்குவதற்கு முன்னால், யாரை எல்லாம் பார்த்தாய், என்ன பேசினீர்கள் என்று நோட்டில் எழுதிவிடு. காலையில் பாதி மறந்துபோகும். அந்த வாரத்துக்குள் அவர்களில் நாலைந்து பேருக்கு மெசேஜ் அனுப்பு. வெறும் ‘ஹாய்’ வேண்டாம். ‘நீங்க சொன்ன தொகுப்பை ஓட்டிப் பார்த்தேங்க, இந்த இடத்துல நிக்குது’ என்று எழுது. பதில் வரும். ஸ்பிரின்டில் பாதியில் நிற்கிற மாற்றத்தைப் பத்து நாளுக்குள் முடித்து அனுப்பிவிடு. அதற்கு மேல் தள்ளிப்போட்டால் இன்டர்னல் வந்துவிடும். ஹெச்.ஓ.டி.க்கு எழுதிக்கொடுத்த அந்த ஒரு வரி நினைவிருக்கிறது இல்லையா? வந்த முதல் வாரமே லேப் உதவியாளரிடம் சொல்லி, புரொஜெக்டரோடு ஒரு மணி நேரம் வாங்கிக்கொள். இரண்டாம் வருஷப் பிள்ளைகளைக் கூப்பிடு, அடுத்த வருஷம் உன்னோடு வரப்போகிறவர்கள் அவர்கள்தான்.